ஒரு வாளி ஊதாத் தண்ணீர்

என் வலது கையில் நகங்களைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு ஓடும். சோற்றுத் தட்டில் கை வைக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்ப்பது எனக்குத் தெரியும். சின்னவள் ஒருநாள், "அப்பா, ஸ்கூலுக்கு வந்தா கையப் பாக்கெட்ல வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுக்கு என்று நினைத்துவிட்டாள், பாவம். அது மாங்கனீசு. சோப்பு போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தாலும் போகாது. அரை எலுமிச்சம்பழம் இருந்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அது ஏன் அப்படி என்று இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். புத்தகம் மாதிரி எழுத வராது. ஆனால் கையால் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

போர்வெல் போட்ட வீடுகளுக்குத் தண்ணீர் ஃபில்டர் மாட்டுவதும், அதைக் கழுவி மருந்து ஊற்றுவதும்தான் என் வேலை. பூமிக்கு அடியிலிருந்து வரும்போது தண்ணீர் பளிச்சென்றுதான் வரும். வாளியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் மஞ்சளடிக்கும். மேலே ஆடை கட்டும். அடியில் கறுப்பாக ஏதோ படியும். புது பனியன் நாலு சலவையில் காவி வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். பாறையிலிருந்து இரும்பும் மாங்கனீசும் தண்ணீரில் கரைந்து வருகின்றன. கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டதும் உண்மை நிறம் வெளியே வரும்.

இதைத் தடுக்க, மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாய் மாட்டுவோம். உள்ளே கறுப்பு மணல் இருக்கும். மணலின் மேலே பூசியிருக்கும் அந்தக் கறுப்பும் மாங்கனீசுதான், மாங்கனீசு டை ஆக்சைடு. உங்கள் வயதில் நான் டார்ச் லைட் பேட்டரியைக் கல்லால் உடைப்பேன். உள்ளே நடுவில் ஒரு கரிக்குச்சி, சுற்றிலும் கறுப்புப் பொடி இருக்கும். குச்சியால் சுவரெல்லாம் எழுதி, பொடியைச் சட்டையில் தடவிக்கொண்டு வந்து அடி வாங்குவேன். அந்தப் பொடியில் பெரும்பங்கு இதே சரக்குதான். அன்றைக்கு அடி வாங்கித் தந்தது இன்றைக்குச் சோறு போடுகிறது.

தண்ணீரில் வரும் இரும்பையும் மாங்கனீசையும் இந்த மணல் பிடித்து வைத்துக்கொள்ளும். சில மாதங்களில் அதற்கும் அலுப்பு வந்துவிடும். அப்போது பர்மாங்கனேட் ஊற்றித் தெம்பு கொடுக்க வேண்டும். பொட்டாசியம் பர்மாங்கனேட் என்பது முழுப் பெயர். சிம்மக்கல்லில் மொத்தக் கடையில் டப்பாவாக வாங்குவேன். சின்னச் சின்ன ஊசி மாதிரி, கறுப்பு என்றும் சொல்ல முடியாமல் ஊதா என்றும் சொல்ல முடியாமல் மின்னும். நாலு துகளைத் தண்ணீரில் போட்டால் நூல் நூலாக ஊதா இறங்கும். பார்க்க அழகாக இருக்கும், அதற்காக நீங்கள் தொடக்கூடாது. அந்த டப்பாவை நான் வேறு எந்தப் பொருளோடும் சேர்த்து வைப்பதில்லை.

மாங்கனீசு ஒரே ஆள்தான், சட்டையைத்தான் மாற்றிக்கொண்டே இருக்கும். பர்மாங்கனேட்டாக இருக்கும்போது ஊதாச் சட்டை. அப்போது அதனிடம் ஆக்ஸிஜன் ரொம்ப அதிகம், யாருக்காவது கொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கும். கொடுத்துவிட்டால் பழுப்பு, கறுப்புச் சட்டை. இன்னும் கொடுத்துவிட்டால் சட்டையே இல்லாமல் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடும். பச்சைச் சட்டைகூட உண்டு. ஒருமுறை காஸ்டிக் சோடா இருந்த வாளியைக் கழுவாமல் அதில் பர்மாங்கனேட் தண்ணீரை ஊற்றிவிட்டேன். ஊதா கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிப்பச்சை ஆனது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இனிமேல் எழுதப்போவதை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம், ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறிய நேரம். கே.கே. நகரில் ஒரு வீடு. அந்த அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவருடைய கணவர் ஒரு ஆபீஸில் கிளார்க். ஒரே மகள், ஒன்பது வயது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்குப் புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் தடவையாகக் கோயிலில் நற்கருணை வாங்கும் நாள். எல்லாப் பிள்ளைகளும் தலை முதல் கால் வரை வெள்ளையில் வருவார்கள்.

டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எம்புட்டு நேரம் ஆகும்? பாப்பா உடுப்பைக் கடைசியா ஒரு தரம் அலசி நீலம் போடணும். இந்தத் தண்ணில அலசுனா மஞ்சளாயிரும்னுதான் உங்கள இன்னைக்கு வரச் சொன்னேன்."

"மத்தியானத்துக்குள்ள பளிங்கு மாதிரி வந்துரும் டீச்சர். நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க."

உடுப்பைக் கொண்டுவந்து காட்டினார். கடையில் வாங்கியது இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் வெள்ளை நூலாலேயே கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் பின்னியிருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்து பின்னியதாம். ஒவ்வொரு திராட்சையும் ஒரு முடிச்சு. "கழுத்துக்கிட்டப் பாருங்க அங்கிள், அது மட்டும் நான் போட்ட முடிச்சு" என்று அந்தப் பிள்ளை காட்டியது. மற்ற முடிச்சுகளைவிட அது கொஞ்சம் குண்டாக இருந்தது.

தாயும் மகளும் கோயிலில் ஒத்திகைக்குக் கிளம்பினார்கள். போகிற அவசரத்தில் டீச்சர் பின்கட்டுக் குழாயடியில் வெள்ளை வாளியை வைத்துக் குழாயைத் திருகினார். நான்தான் வால்வை அடைத்து வைத்திருந்தேனே, தண்ணீர் வரவில்லை. திறந்த குழாயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். நம் ஊரில் இந்தப் பழக்கம் இல்லாத வீடு ஏது? தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயைத் திறந்து பார்ப்போம், வராவிட்டால் மூடாமல் போய்விடுவோம்.

பர்மாங்கனேட்டைக் கரைத்துப் பீப்பாயில் ஊற்றி, மணலை ஊற வைத்தேன். பிறகு கழிவுக் குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு அலசினேன். முதலில் கரும் ஊதா. அப்புறம் ரோஜா நிறம். அப்புறம் நிறமே தெரியவில்லை. உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. வால்வைத் திறந்தேன். வீட்டிலிருந்த டீச்சரின் கணவர், சாரிடம் சொல்லிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதுதான் நான் செய்த தப்பு. என் பைக் பெட்டியில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் தண்ணீரை நிறையப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். ஒரு கையளவுத் தண்ணீரில் தெரியாத நிறம் ஒரு கிண்ணத்தில் தெரியும். கிண்ணத்தில் லேசாகத் தெரிவது ஒரு வாளியில் நன்றாகவே தெரியும். அதுவும் என் பழுப்புக் கையில் பிடித்தால் என்ன தெரியும்? கிண்ணம் பைக்கில் இருந்தது, பைக் வெயிலில் இருந்தது, எனக்கு நடக்கச் சோம்பல்.

அங்கே வீட்டில் பின்கட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுச் சார் போயிருக்கிறார். வாளி நிறைய, வெளுத்த ஊதா நிறத்தில் தண்ணீர். பக்கத்திலேயே சொட்டு நீலம் பாட்டில். மனைவி வாளியில் நீலத்தைச் சொட்டுவிட்டு, தண்ணீர் வந்தால் தானாக நிறையட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கொடியில் கிடந்த உடுப்பை எடுத்து வாளிக்குள் அமுக்கிவிட்டு, பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. சார்தான்.

"அண்ணே, கொஞ்சம் வாரீங்களா?"

குரலிலேயே ஏதோ சரியில்லை. "ஃபில்டர் ஒழுகுதா சார்?" என்றேன்.

"ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல. வாங்க."

போனேன். ஊதாத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. ஒத்திகை முடிந்து வந்த டீச்சர் உடுப்பைத் தோளோரம் பிடித்துத் தூக்கி நின்றார். மேலிருந்து கீழே வரை, டீ வடிகட்டும் துணி மாதிரி இருந்தது. திராட்சை முடிச்சுகள் அதைவிடக் கறுத்திருந்தன.

"நான் என்னத்தக் கண்டேன்? நீ நீலத்த விட்டுட்டுப் போயிருக்கன்னு நெனச்சேன்" என்றார் சார்.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம். ஒரு கர்ச்சீப்பக்கூட அலசுனதில்ல. இன்னைக்குப் பாத்து உங்களுக்குக் கை நமநமன்னுச்சா?"

"ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"நீலத்துல முக்கி எடுக்கணும்ங்க. ஒன்றரை மணி நேரம் ஊறப்போட இது என்ன மாங்கா ஊறுகாயா?"

அந்தப் பிள்ளை கதவோரம் நின்றது. அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. "நாளைக்குக் காலைல ஏழரைக்குப் பூசை" என்று மட்டும் சொன்னது. யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

"டீச்சர், சாரத் திட்டாதீங்க" என்றேன். "தப்பு என்னுது. தண்ணி முழுசாத் தெளியிறதுக்கு முன்னாடி நான் வால்வத் தொறந்துட்டேன்."

சார் கையில் ப்ளீச்சிங் பாட்டில் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், அதத் தள்ளி வைங்க. அது இதுக்கு ஆகாது. அதும்மேல நான் போடப்போறத ஊத்துனா நாம எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடணும்."

ப்ளீச்சிங் ஏன் ஆகாது என்று உங்களுக்குச் சொல்கிறேன். பர்மாங்கனேட் அந்தப் பருத்தித் துணிக்கு ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு, பழுப்பு மாங்கனீசாகி நூலில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பழுப்பும் இன்னும் கொடுக்கிற ஆள்தான். ப்ளீச்சிங்கும் கொடுக்கிற ஆள்தான். பந்தியில் பரிமாற வந்த இரண்டு பேர் வாளியோடு எதிரெதிரே நின்றால் என்ன நடக்கும்? சாப்பிட ஆள் வேண்டும். எலுமிச்சைதான் அந்தச் சாப்பிடுகிற ஆள். அதன் புளிப்பும் அதிலுள்ள வைட்டமின் சி-யும் சேர்ந்து பழுப்பிடம் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்ளும். கொடுத்து முடித்த மாங்கனீசு நிறமில்லாமல் கரைந்து ஓடிவிடும். ப்ளீச்சிங்கில் அந்தப் புளிப்பு பட்டாலோ விஷப் புகை கிளம்பும், அதனால்தான் பாட்டிலைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

"போகுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"என் விரல்ல தெனமும் போகுது. துணில இதுக்கு முன்ன செஞ்சு பாத்ததில்ல. ஆனா போகும்."

"பாத்ததில்லன்னு சொல்றீங்க, போகும்னும் சொல்றீங்க."

"ரெண்டும் நெசந்தான் டீச்சர்."

முதலில் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினேன். வைட்டமின் சி மாத்திரை இருந்தால் கரைத்து ஊற்றலாம் என்று எண்ணம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது சப்பும் மாத்திரை, ஆரஞ்சு நிறம். ஒரு கறையை எடுக்க இன்னொரு கறையா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெருமுனைக் காய்கறிக் கடையில் எலுமிச்சம்பழம் இருந்தது. இரண்டு டஜன் கேட்டேன்.

கடைக்காரர் எனக்குப் பழக்கம். "என்ன மாப்ள, மாரியம்மனுக்கு மாலையா?"

"இல்லண்ணே, டீச்சர் வீட்டுக்கு."

"டீச்சர் வீட்டுக்கா? அவுக மாதாவுக்கு எலுமிச்ச மால போட எப்ப ஆரம்பிச்சாக?"

"நாளைக்குக் கோயில்ல போய்க் கேளுங்கண்ணே" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

வந்ததும் முதல் வேலையாகப் பைக் பெட்டியிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். குழாயைத் திறந்துவிட்டு, கிண்ணத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். முதல் நாலு கிண்ணம் லேசாக ரோஜா அடித்தது. எட்டாவதில் கிண்ணத்தின் அடியில் இருந்த கம்பெனி முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பிடித்து, உடுப்பை நன்றாக அலசினேன்.

"சார், நீங்க பழத்தப் பிழியுங்க."

"எத்தன?"

"அம்புட்டையும்."

"பிழியட்டும், பிழியட்டும்" என்றார் டீச்சர். "இன்னைக்கு இதுதான் அவருக்குப் பாவசங்கீர்த்தனம்." பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. சார் குனிந்து பிழிந்தார். விரலில் எங்கோ பேப்பர் கிழித்த காயம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு பழத்துக்கும் 'ஸ்ஸ்' என்றார்.

முதலில் யாருக்கும் தெரியாத இடத்தில் பார்க்க வேண்டும். கீழ் மடிப்பின் உள்பக்கத்தைத் திருப்பி டீச்சர் பிடித்தார். விதை வடிகட்டிய சாற்றை ஒரு கரண்டி விட்டேன். நாலு பேர் தலையும் ஒன்றாகக் குனிந்தன. ஒன்றும் நடக்கவில்லை. என் விரலில் எப்போதும் உடனே போகும். பிறகு கரண்டி விழுந்த இடத்தின் நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை, பொத்தான் அளவு. அது விரிந்தது. ஓரத்தில் பழுப்பு பின்வாங்கிக்கொண்டே போனது. மதுரை வெயிலில் தெளித்த வாசல் காய்வதைப் பார்த்திருக்கிறீர்களா, அந்த மாதிரி.

"போகுதும்மா!" என்று அந்தப் பிள்ளை கத்தியது.

ஒரு பேசினில் சாற்றோடு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து உடுப்பை முழுதாக இறக்கினோம். அலசி, மறுபடியும் புதுச் சாறு. மூன்று தரம். துணி வெளுத்துவிட்டது. முடிச்சுகள்தான் பிடிவாதம் பிடித்தன. இறுக்கமான நூலுக்குள் சாறு இறங்கவில்லை. டீச்சர் காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சாற்றில் நனைத்து ஒவ்வொரு திராட்சையாகத் தொட்டார். கழுத்தோரக் குண்டு முடிச்சை, "அது என்னுது" என்று பிள்ளையே வாங்கிக்கொண்டது.

"அங்கிள், அந்த ஊதா இப்ப எங்க போச்சு?"

"இந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு பாப்பா. சட்டையக் கழட்டிப் போட்டுருச்சு. அதான் தெரியல."

"ச்சீ" என்று சிரித்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை சிரித்தது அப்போதுதான்.

புளிப்பு துணியில் தங்கினால் நூல் நைந்துவிடும். அதனால் நல்ல தண்ணீரில் ஐந்தாறு தரம் அலசி, மொட்டை மாடிக் கொடியில் போட்டோம். ஈரத்தில் கறை ஒளிந்துகொள்ளும், காய்ந்தால்தான் உண்மை தெரியும். நான் வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

அந்த வெயிலுக்கு முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. டீச்சர் உடுப்பை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் கிண்ணத்தை வாங்கி, அதன் மேலேயே துணியை விரித்துப் பார்த்தார்.

"கிண்ணத்தவிட இதுதான் வெள்ளை" என்றார். "நீலம் வேணாம். இனிமே இந்த வீட்டுல நீலமே வேணாம்."

மிச்சம் மூன்று பழம் இருந்தது. சார் ஜூஸ் போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், யாரும் வாய் வைக்கவில்லை. ஃபில்டர் தண்ணீர் ஆச்சே, நியாயம்தான். நான் முதலில் முழுதாகக் குடித்தேன். கிண்ணத்தில் பார்த்த தண்ணீர், எனக்கு என்ன பயம்? அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை குடித்தது. "சீனி போடல அப்பா" என்றது. அதற்கும் சாருக்குத் திட்டு விழுந்தது.

மறுநாள் காலையில் சோழவந்தானில் ஒரு கொடிக்காலுக்கு வேலை. வெற்றிலைக்கு விடும் தண்ணீரில் இரும்பு வந்து சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் கோயில் அந்த வழியில் இல்லை. இருந்தாலும் சுற்றிக்கொண்டு போனேன். ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால் எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்தினேன். பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தியோடு, இரண்டு வரிசையில் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். காலை வெயில் நேராக அவர்கள் மேல் விழுந்தது.

நான் ஒவ்வொரு உடுப்பாகப் பார்த்தேன். இருபது பிள்ளைகளாவது இருக்கும். கொஞ்சம் பழுப்படிக்கிறதா, எங்காவது ஒரு திராட்சை கறுத்திருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசி வரை தேடினேன். எல்லாம் ஒரே வெள்ளை. எந்தப் பிள்ளை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதுவாகத்தான் வரிசையிலிருந்து திரும்பி, மெழுகுவர்த்தி இல்லாத கையைத் தூக்கி எனக்குக் காட்டியது. நானும் கையைத் தூக்கினேன், பழுப்பு நகத்தோடு.